நிலாவின் மேல் முத்திரை: நூலகவியல் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நூலகத் தகவல் அறிவியலுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிளை நூலகத்தில் பதினோரு ஆண்டுகளாக நூலகராக இருக்கிறேன். நூலகவியல் படிப்பில் சிறுவர் இலக்கியத்துக்கென்று ஒரு கட்டாயத் தாள் வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். உங்களில் யாரிடமாவது நான் படித்திருக்கவும் கூடும். எந்தப் பல்கலைக்கழகம் என்பதைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அது ஒரு துறையின் குறையாகச் சுருங்கிவிடும். என் ஆசிரியர்கள் மேல் எனக்கு மரியாதையும் குறையவில்லை.

முதலில் ஒரு முத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்கு வந்த முதல் ஆண்டில் ஒரு கட்டு புதுப் புத்தகங்கள் வந்தன. அதில் சிறுவர் புத்தகம் மட்டும் நாற்பது சொச்சம். படித்த முறைப்படி சேர்க்கைப் பதிவேட்டில் எழுதினேன், எண் கொடுத்தேன், முத்திரை குத்தினேன். முகப்புப் பக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று, நடுவே எங்கள் நூலகத்தின் ரகசியப் பக்கமான (தொலைந்தாலும் நம் புத்தகம் என்று அடையாளம் காண, எல்லாப் புத்தகத்திலும் முத்திரை குத்தும் உள்பக்கம்) 11ஆம் பக்கத்தில் ஒன்று. அந்தக் கட்டில் பதினாறு பக்கப் படப்புத்தகம் ஒன்று இருந்தது. அதன் 11ஆம் பக்கம் முழுக்க இரவு. கருநீல வானம், கீழே ஒரு கூரை, கூரை மேல் ஒரு ஆட்டுக்குட்டி, மேலே முழுநிலா. கருநீலத்தில் ஊதா மை தெரியாது அல்லவா? மை தெரிகிற ஒரே வெள்ளை இடம் நிலாதான். பார்த்து, அளந்து, கோணாமல் நடுநிலாவில் குத்தினேன். முதுகு மெல்லியதாக இருந்ததால், பொருள்வாரியாக அடுக்க உதவும் பகுப்பு எண் சீட்டை அட்டையில் ஒட்டினேன். அது ஆட்டுக்குட்டியின் முகத்தில் போய் உட்கார்ந்தது.

மூன்றாவது வாரம் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அந்தப் பக்கத்தை விரித்துக்கொண்டு வந்து, “அக்கா, நிலாவின் மேல் யார் முத்திரை குத்தினார்கள்?” என்று கேட்டாள். நூலகத்துப் புத்தகம் என்று தெரிய வேண்டாமா என்றேன். அவள் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள். முதல் கேள்வியாவது பரவாயில்லை, இரண்டாவதுதான் என்னைக் கொன்றது. “இதே மாதிரி இன்னொன்று இருக்கிறதா?”

இதே மாதிரி. ஆசிரியர் பெயர் சொன்னால் தேடித் தருவேன். தலைப்புச் சொன்னாலும் தருவேன். பகுப்பு எண் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு அலமாரிக்குப் போவேன். ‘இதே மாதிரி’ என்று எந்த நூற்பட்டியலிலும் பொருள் தலைப்பு கிடையாது. எனக்கு அந்தப் புத்தகம் என்ன மாதிரி என்றே தெரியாது. நான் அதைப் படித்ததில்லை, முத்திரைதான் குத்தினேன். அதே அலமாரியில் அதே எண்ணில் பக்கத்திலிருந்த தடிமனான நீதிக்கதைத் தொகுப்பை எடுத்துக் கொடுத்தேன். நூற்றறுபது பக்கம், பொடி எழுத்து, ஒவ்வொரு கதைக்கும் வாலாக ஒரு நீதி. அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்தாள். படித்தாயா என்றேன். படித்தேன் என்றாள். பொய் சொல்கிறாள் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அதன் பிறகு ஒன்றரை மாதம் அவளைக் காணவில்லை.

நான் படித்தது எட்டுத் தாள்கள். பகுப்பாக்கத்தில் தேறினேன், பட்டியலாக்கத்தில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். நூலக மேலாண்மை, தகவல் மூலங்கள், கணினிப் பயன்பாடு எல்லாம் உண்டு. குழந்தைகள் எங்கே வந்தார்கள் தெரியுமா? ஒரு தாளின் நான்காவது அலகில், அரை வரியில். “சிறப்புப் பயனாளிகள்: குழந்தைகள், முதியோர், பார்வையற்றோர், சிறைவாசிகள்.” ஐந்து மதிப்பெண் வினா. சிறைவாசிகளுக்கான சேவையை எழுதினாலும் ஐந்து மதிப்பெண் கிடைக்கும் என்பதால் குழந்தைகளை விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருத்தி. மாலை நாலரை மணிக்கு எங்கள் நூலகத்தில் வந்து நில்லுங்கள். அந்தச் ‘சிறப்புப் பயனாளிகள்’ செருப்பைக் கழற்றிப் போட்ட இடத்தில் மற்றவர்கள் கால் வைக்க வழி இருக்காது.

புத்தகம் என்றால் என்ன என்பதற்கு நாங்கள் மனப்பாடம் செய்த விடை, யுனெஸ்கோ 1964இல் வகுத்த வரையறை. அட்டை நீங்கலாக 49 பக்கமாவது இருக்க வேண்டும், குறைந்தால் அது சிறுநூல். புள்ளிவிவரம் எடுப்பதற்காக வகுத்தது என்பது தெரியும். ஆனால் படப்புத்தகத்தின் வழக்கமான அளவே 32 பக்கம். தமிழில் பதினாறிலும் இருபத்து நான்கிலும் முடிந்துவிடுபவை ஏராளம். அப்படியானால் ஒரு குழந்தை தன் வாழ்நாளில் முதன்முதலாகக் கையில் எடுப்பது புத்தகமே அல்ல என்று ஆகிறது. வகுப்பில் நாங்கள் முப்பது பேர் இருந்தோம். ஒருவரும் கை தூக்கவில்லை. தூக்குவதற்கு, அப்படியொரு பொருளை நாங்கள் யாரும் பாடத்துக்காகக் கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டுமே.

இன்னொரு ஒரு மதிப்பெண் வினா: பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து கொண்டுவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் எத்தனை தொகுதி? பத்து. 1968இலிருந்து 1976 வரை. சரியாக எழுதினேன். தொகுதியைத் திறந்து பார்த்தது வேலைக்கு வந்த பிறகுதான். ‘உசாத்துணை, வெளியே வழங்கப்படமாட்டாது’ என்று கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி என் மேசையில்.

இந்தப் படிப்பு நம் மண்ணில் எங்கிருந்து தொடங்கியது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எஸ்.ஆர்.ரங்கநாதன்: சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர். சென்னை நூலகச் சங்கம் 1929இல் கோடைப் பள்ளியாக நடத்தியதை 1931இல் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. 1937இல் அது ஓராண்டுப் பட்டயப் படிப்பானது. அவர் படம் இல்லாத நூலகவியல் துறை தமிழ்நாட்டில் இருக்க முடியாது. ஆனால் அவர் கதையில் நாம் விழுந்து விழுந்து படிக்கும் பகுதி ஒன்று, தாண்டிப் போய்விடும் பகுதி ஒன்று.

லண்டனில் படிக்கப் போனபோது செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ விளையாட்டைப் பார்த்தார். துளை போட்ட பட்டைகள், திருகாணிகள், சக்கரங்கள். அதே துண்டுகளைக் கழற்றி மாட்டினால் ஒரு பொழுது பாரந்தூக்கி, ஒரு பொழுது வண்டி. அறிவுத்துறைகளையும் இப்படித் துண்டுகளாக வைத்துக்கொண்டு தேவைக்கேற்பப் பூட்டலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1933இல் கோலன் பகுப்பு முறையாக அச்சேறியது. இதை எல்லோரும் எழுதுவோம், பத்து மதிப்பெண். நம் துறையின் தலைசிறந்த கோட்பாடு பொம்மைக் கடையில் பிறந்தது என்பதும், அந்தப் பொம்மைக்கு உரிய குழந்தை நம் பாடத்திட்டத்தில் இல்லை என்பதும் யாருக்கும் உறுத்தவில்லை.

அங்கே அவருக்குப் பகுப்பாக்கம் கற்பித்தவர் பெர்விக் சேயர்ஸ், குரோய்டன் பொது நூலகத்தின் தலைமை நூலகர். அந்த மனிதர் பகுப்பாக்கத்துக்குப் பாடநூல் எழுதியது போலவே சிறுவர் நூலகங்களுக்கும் கையேடு எழுதியவர். 1932இல் வந்தது. அவருக்கு இரண்டும் ஒரே வேலை. ஆசிரியரின் ஒரு கையை நாம் பிடித்துக்கொண்டோம், மறு கையை குரோய்டனிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் கார்னகி நூலகம் சிறுவர் நூலகர்களுக்கென்றே 1901இல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பாஸ்டனில் சிம்மன்ஸ் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் முதுகலையையும் சிறுவர் இலக்கிய முதுகலையையும் சேர்த்தே படிக்க வழி இருக்கிறது. அந்த நாட்டில் சிறந்த சிறுவர் நூலுக்கு 1922 முதல் கொடுக்கப்படும் நியூபெரி விருதுக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பவர்கள் நூலகர்கள். எந்தக் குழந்தை எந்தப் பக்கத்தில் மூடி வைத்தது என்று பார்த்தவர்கள். வெளிநாட்டுக் கதை போதும். அதைக் காட்டி நம்மைக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. ஏனென்றால் கற்பிக்கச் சரக்கில்லை என்று சொல்ல நமக்கு வழியே இல்லை.

பாரதி பாப்பாவுக்குப் பாடியது, கவிமணி பாடியது எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் வரலாறு தொடங்குகிறது. இராயவரத்தில் பிறந்த அழ.வள்ளியப்பா வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டெழுதி, 1950இல் குழந்தை எழுத்தாளர்களுக்கென்று ஒரு சங்கமே கூட்டினார். 1947இல் அம்புலிமாமா. பிறகு கண்ணன், அணில், 1972இல் கோகுலம், 1987இல் அறிவியல் இயக்கத்தின் துளிர். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ், 1984இல் லயன் காமிக்ஸ். இரும்புக்கை மாயாவியை வாடகைக்கு வாங்கிப் படித்த தலைமுறைதான் இன்று எங்கள் நூலகத்தில் நாளிதழ் படிக்க வரும் பெரியவர்கள். படக்கதையை நூலகம் வாங்கலாமா, கூடாதா என்று ஒரு பருவம் முழுக்க மாணவர்களைச் சண்டை போட வைக்கலாம். பூவண்ணன் குழந்தை இலக்கிய வரலாற்றை நூலாகவே எழுதி வைத்திருக்கிறார். தமிழ்த்துறைகள் சிலவற்றில் சிறுவர் இலக்கியம் விருப்பப் பாடமாக இருக்கிறது, முனைவர் பட்ட ஆய்வுகள் வந்திருக்கின்றன. அங்கே புத்தகத்தைப் படித்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் நூலகராவதில்லை. இங்கே நூலகராகப் போகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் புத்தகத்தைப் படிப்பதில்லை. பல வளாகங்களில் இரண்டு துறைகளுக்கும் நடுவே இருப்பது ஒரு வராந்தா, மிஞ்சினால் ஒரு வேப்பமரம்.

புத்தகத்தைப் படிக்காமல் அடுக்குவதால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பீர்கள். யெஸ்.பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றது. தலைப்பை மட்டும் பார்க்கிற நூலகர் பொம்மைக் கதை என்று எண்ணி ஆறு வயதுக் குழந்தைகளின் அடுக்கில் வைப்பார். உள்ளே இருப்பது, குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலைக் குழந்தையிடமே எப்படிப் பேசுவது என்கிற விஷயம். அதைத் தேவைப்படும் வயதில், தேவைப்படும் கையில், பக்கத்தில் யாரும் எட்டிப் பார்க்காதபடி கொடுக்கத் தெரிய வேண்டும். எந்தப் பகுப்பு எண்ணும் இதைச் சொல்லித் தராது. ‘ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்’ என்பதை ரங்கநாதனின் ஐந்து நூலகவியல் விதிகளில் மூன்றாம் விதியாக எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். நூலைப் படிக்காதவருக்கு அதற்குரிய வாசகர் யார் என்று எப்படித் தெரியும்?

பதின்மூன்று வயதுக்காரர்கள் கதை இன்னும் மோசம். குழந்தை இலக்கியம், சிறுவர் இலக்கியம், இப்போது இளையோர் இலக்கியம் என்று மூன்று பெயர்கள் புழங்குகின்றன. எங்கள் நூலகத்தில் எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஒரு பக்கம் முயல் கதை, மறுபக்கம் பொன்னியின் செல்வன், நடுவே வெறும் சுவர். அந்தச் சுவரில் அடுக்க என்னென்ன இருக்கிறது, தமிழில் என்ன இல்லை, மொழிபெயர்ப்பில் என்ன கிடைக்கிறது என்று யாராவது எனக்குப் படிக்கும் காலத்திலேயே சொல்லியிருந்தால், நான் சில பையன்களை இழந்திருக்க மாட்டேன். ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு அவர்கள் போட்டித் தேர்வுப் புத்தகத்துக்குத்தான் திரும்பி வருகிறார்கள்.

சத்தமாக வாசித்துக் காட்டுவது என்று ஒரு வேலை இருக்கிறது. அதையும் யாரும் சொல்லித் தரவில்லை. விடுமுறை நாளில் கதை வாசிப்பு என்று அறிவித்துவிட்டு இருபது குழந்தைகள் முன்னால் உட்கார்ந்தேன். புத்தகத்தை என் பக்கம் பிடித்துப் படிப்பேன், பிறகு அவர்கள் பக்கம் திருப்பிப் படத்தைக் காட்டுவேன். திருப்பி முடிப்பதற்குள் பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து நிற்பார்கள், முன்வரிசையில் ஒருவன் படுத்துவிடுவான். பார்த்துக்கொண்டிருந்த அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர், “கொடும்மா” என்று வாங்கினார். புத்தகத்தைத் தன் தோளுக்குப் பக்கத்தில், படம் குழந்தைகள் பக்கம் பார்க்கும்படி நிறுத்திப் பிடித்தார். எழுத்தைத் தான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். பக்கத்தின் கீழ்மூலையை முன்கூட்டியே இரண்டு விரலால் தூக்கி வைத்துக்கொண்டு, திருப்புவதற்கு முன் ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார். அறை அடங்கிவிட்டது. அவர் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். நான் பட்டமேற்படிப்பு.

என் நூலகத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணியில் மன்னார்குடி. அதன் பக்கத்து மேலவாசலில்தான் 1931இல் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வண்டியில் இடம் குறைவு. எந்த ஊருக்கு எதை ஏற்றுவது என்று ஒருவர் நின்று யோசித்திருப்பார் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். இன்று இடத்துக்குக் குறைவில்லை. கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதிகள் இருக்கின்றன. பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கம் என்று ‘நுழை, நட, ஓடு, பற’ என நான்கு படிநிலைகளில் சிறு புத்தகங்கள் போட்டது. அந்தப் பெயர்களை வைத்தவருக்கு ஒரு வணக்கம். கட்டடம் வந்துவிட்டது, புத்தகமும் வரத் தொடங்கிவிட்டது. நடுவில் நிற்க வேண்டிய ஆள் உங்கள் வகுப்பறையிலிருந்துதான் வர வேண்டும்.

உங்கள் மறுப்புகள் எனக்குத் தெரியும். மாணவர்கள் கல்லூரிப் பணிக்கான நெட், செட் தகுதித் தேர்வுகளை நினைத்துப் படிக்கிறார்கள், கல்லூரி நூலகர் வேலைதான் கனவு, தரவுத்தளமும் மின்நூலகமும் கற்பிக்கவே நேரம் போதவில்லை. எல்லாம் நியாயம். ஆனால் மாநிலத்தில் பொது நூலகங்கள் நான்காயிரத்து அறுநூறுக்கு மேல் இருக்கின்றன. ஊர்ப்புற நூலகர், மூன்றாம் நிலை நூலகர் என்று உங்கள் மாணவர்கள் வந்து சேரும் இடம் பெரும்பாலும் இதுதான், கல்லூரி அல்ல. கதைப் புத்தகம் படிப்பதற்கு ஒரு தாளா என்று கூட்டத்தில் ஒருவர் சிரிப்பார் என்பதும் தெரியும். அவரிடம் அந்தச் சிறுமியின் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

எனவே கேட்கிறேன். சிறுவர் இலக்கியத்துக்கு, விருப்பப் பாடமாக அல்ல, கட்டாயத் தாளாக ஒன்று வையுங்கள். தமிழ்த்துறையோடு சேர்ந்து நடத்துங்கள். வரலாற்றை அவர்கள் எடுக்கட்டும், தேர்வும் சேவையும் நீங்கள் எடுங்கள். ஒவ்வொரு மாணவரும் ஓராண்டில் எண்பது சிறுவர் புத்தகங்களைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் எழுதிய குறிப்பேட்டைக் கொடுக்க வேண்டும். அகமதிப்பீடு அதற்குத்தான். எண்பது என்றால் மிரள வேண்டாம், முக்கால்வாசி 49 பக்கத்துக்குக் குறைந்தவை, யுனெஸ்கோ கணக்கில் புத்தகமே அல்ல. நாற்பது மணி நேரம் ஏதாவது ஒரு கிளை நூலகத்தின் சிறுவர் பகுதியில் மாலை வேளையில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் கணினியில் உட்காரக் கூடாது. வாய்மொழித் தேர்வில் ஐந்து விதிகளைக் கேட்காதீர்கள். ஒரு படப்புத்தகத்தை மேசையில் வைத்து, “ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இது பிடித்துவிட்டது, இதே மாதிரி மூன்று சொல்லுங்கள்” என்று கேளுங்கள். என்னை அன்று அப்படிக் கேட்டிருந்தால் தோற்றிருப்பேன். தோற்றிருக்க வேண்டும்.

தாளுக்குப் புத்தகப் பட்டியல் யார் தயாரிப்பது என்று கூட்டம் தள்ளிப்போக வேண்டாம். என்னிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. பதினோரு ஆண்டில் பிள்ளைகள் ‘இதே மாதிரி’ என்று கேட்டபோதெல்லாம் எதைக் கொடுத்தேன், எது திரும்பி வர மறுத்தது, எது மறுநாளே வந்துவிட்டது என்று பழைய நாட்குறிப்பு ஒன்றில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் அந்த நீதிக்கதைத் தொகுப்பு, குறுக்கே கோடு போட்டு. கூப்பிட்டால் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன், பயணப்படி வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு கிளை நூலகர்,
திருவாரூர் மாவட்டம்.

பி.கு.: ஒன்றரை மாதம் கழித்து அவள் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தாள், தனக்காக வரவில்லை. தம்பி எடுத்ததும் அதே ஆட்டுக்குட்டிப் புத்தகம்தான். இப்போதெல்லாம் படப்புத்தகத்துக்குப் பின்னட்டையின் உள்பக்கத்தில் மட்டும் முத்திரை குத்துகிறேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி 11ஆம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து விளக்கம் கேட்டார். எழுத்துமூலமாகக் கொடுத்திருக்கிறேன்.